காட்பாடியில் ரயிலேறி கடற்கொள்ளையர் கரைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வேலூருக்குக் கடல் கிடையாது. பாலாறும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். அதனால்தானோ என்னவோ, இங்கே வளரும் பிள்ளைகளுக்குக் கடல் என்றாலே ஒரு தனி ஆசை. என் அக்கா மகன் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் கேட்டான்: "மாமா, கடற்கொள்ளைக்காரங்க இருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?" ஒற்றைக் கண், மரக்கால், தோளில் கிளி என்று சினிமாவில் பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கேட்டான். அப்படி ஒருவர்கூட நம் கரையில் கிடைக்க மாட்டார். ஆனால் நிஜமாகவே கடலில் கொள்ளையடித்தவர்களின் தடம் சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் இருக்கிறது. அதைத் தேடி நாங்கள் நாலைந்து தடவை போய்வந்தோம். புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும் என்று அந்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

கிளம்பும் முன் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தனக்காகக் கொள்ளையடிப்பவன் கடற்கொள்ளைக்காரன். தன் நாட்டு அரசு எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டோடு எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிப்பவன், அவன் ஊரில் வீரன். சரக்கைப் பறிகொடுத்தவனுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். போகிற இடமெல்லாம் "இவனைக் கொள்ளைக்காரன் என்று சொன்னது யார்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். என் அக்கா மகன் இரண்டாவது பயணத்திலேயே என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

முதல் படி: கடலுக்கு முன்னால் ஆற்காடு

கடற்கொள்ளை பார்க்கக் கிளம்பி ஆற்காட்டில் இறங்குவதா என்று தோன்றும். இறங்குங்கள். வேலூரிலிருந்து பஸ்ஸில் 25 கிலோமீட்டர்தான். பாலாற்றங்கரையில் பழைய கோட்டையின் மிச்சமாக டில்லி கேட் நிற்கிறது. 1751-இல் ராபர்ட் கிளைவ் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. இன்று வாசலும் மேலே ஒரு சிறு அறையும் மட்டும்தான் மிச்சம். அந்த நிழலில் உட்கார்ந்து கீழே வரும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

1695 செப்டம்பர். ஔரங்கசீப்பின் மிகப் பெரிய கப்பல் கஞ்ச்-இ-சவாய், மெக்கா யாத்திரை போனவர்களையும் ஏராளமான பொன்னையும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் அதை வழிமறித்துப் பிடித்தான். பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். இந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குச் சொல்வது என்பதை அவரவர் வயதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். எவரி கடைசிவரை பிடிபடவே இல்லை. அவன் ஆங்கிலேயன் என்பதால், சூரத்தில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத்தான் விலங்கு விழுந்தது. கொள்ளை அதோடும் நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்த ஔரங்கசீப், ஐரோப்பியர்களின் வியாபாரத்தையே முடக்கச் சொல்லி ஆணை போட்டார். 1702-இல் கர்நாடகப் பகுதியின் முகலாயத் தளபதி தாவூத் கான் சாந்தோமில் முகாம் போட்டு, சென்னைக் கோட்டைக்குச் சரக்கும் உணவும் போகவிடாமல் மூன்று மாதம் அடைத்து வைத்தார். அப்போது கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட். பணம் கைமாறிய பிறகுதான் முற்றுகை விலகியது. அந்தப் பதவியில் அடுத்து வந்த நவாபுகள்தான் ஆற்காட்டைத் தலைநகராக்கியவர்கள்.

அரபிக்கடலில் ஒருவன் செய்த கொள்ளைக்குச் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் அரிசிக்குத் தவித்தார்கள். இந்தக் கதை தெரிந்துவிட்டால் கோட்டைச் சுவர் வெறும் சுவராகத் தெரியாது. அப்புறம், மறக்காமல் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் பயணத்துக்குக் கெடாமல் இருக்கும்.

இரண்டாம் படி: சென்னைக் கோட்டையும் எம்டன் குண்டும்

காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் சென்ட்ரல். அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டை பக்கம்தான். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. பெரியவர்கள் எல்லாரும் ஆதார் அட்டை எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நாங்கள் முதல் தடவை வெள்ளிக்கிழமையில் போய் வாசலோடு திரும்பினோம். காலை நாலரை மணிக்கு எழுந்து கிளம்பிய பிள்ளையின் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் வாள், துப்பாக்கி, பழைய நாணயம், ஓவியம் என்று நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். நேராகப் போய் எம்டன் குண்டின் துண்டைத் தேடுங்கள். கறுத்த இரும்பு, ஓரமெல்லாம் பிய்ந்துபோய் இருக்கிறது. வெடித்த வேகம் அந்தப் பிசிறில் அப்படியே தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று ஏறக்குறைய 130 குண்டுகள் போட்டது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் பட்டணத்தை விட்டு வெளியூருக்கு ஓடினார்கள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் இரண்டே மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தார். பிடித்த கப்பல்களின் மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தினார் என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் 9-ஆம் தேதி கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனைச் சிதைத்தது. எம்டன் கொள்ளைக் கப்பல் அல்ல, ஒரு நாட்டின் கடற்படைக் கப்பல். ஆனாலும் நம் வீடுகளில் "அவன் பெரிய எம்டன்டா" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் கரையேறிய இடம் இதுதான்.

குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். அந்த வளாகத்தில் நிற்கும் உயரமான கல்தூண் 1844-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம். அதற்கு முந்தைய விளக்கு 1796-இலிருந்து எரிந்தது எங்கே தெரியுமா? நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் மொட்டை மாடியில். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அப்படி வெட்டவெளியில் நிற்கும் கப்பல் எதிரிக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்க 11 லட்சம் வராகன் (அந்தக் காலத்துப் பொற்காசு) கேட்டார். கடற்படையின் பெயரில் நடந்தாலும், பிணைத்தொகைக் கணக்குக்கும் கொள்ளைக்கும் தூரம் அதிகமில்லை.

மூன்றாம் படி: பழவேற்காடு

என்னைக் கேட்டால் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் பழவேற்காடுதான். சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்து பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் உண்டு. காட்பாடியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும், ஆனால் விடியற்காலை ரயிலைத் தவற விடக்கூடாது.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இப்போது கோட்டை என்று பார்க்க மேடும் முட்புதரும்தான். அங்கே நேரத்தைச் செலவழிக்காமல் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. விலா எலும்பை ஒன்று ஒன்றாக எண்ணலாம். முதல் தடவை பார்த்ததும் என் அக்கா மகன், "மாமா, கிடைச்சிடுச்சு! இதுதான் கொள்ளைக்காரங்க சமாதி" என்று குதித்தான். அங்கே வருகிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அது அப்படி இல்லை. உள்ளே படுத்திருப்பவர்கள் டச்சுக் கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், அவர்களின் மனைவி மக்கள். மண்டையோடும் எலும்பும் மணற்கடிகாரமும் அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லறைகளில் வழக்கமாகச் செதுக்கும் அடையாளங்கள். உனக்கும் சாவு உண்டு, நேரம் கரைந்துகொண்டிருக்கிறது என்று வழிப்போக்கனுக்குச் சொல்வது. வாசலில் 1656 என்று ஆண்டு இருக்கிறது. மண்டையோட்டுக் கொடி ஏற்றிய கொள்ளைக் கப்பலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் பதிவே 1700-இல்தான், இம்மானுவேல் வின் என்ற பிரெஞ்சுக்காரனின் கப்பல். அதிலும் மண்டையோட்டோடு மணற்கடிகாரம் இருந்தது. கல்லறையில் இருந்த சின்னத்தைத்தான் கொள்ளையர்கள் கொடியில் ஏற்றினார்கள். உள்ளே சமாதிக் கற்களில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் சமாதி மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். வாசல் பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்தால் காவலாளியைக் காட்டுவார்கள்.

அப்படியானால் பழவேற்காட்டுக்கும் கொள்ளைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, மனதைப் பிசையும் தொடர்பு. 17-ஆம் நூற்றாண்டில் வங்காள விரிகுடாவின் வடக்கே, இன்றைய மியான்மரின் அரக்கானிலிருந்தும் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலிருந்தும் அரக்கானின் மக் இனத்தாரும் போர்ச்சுகீசியர்களும் கூட்டாகக் கிளம்பி வங்காளக் கிராமங்களைச் சூறையாடினார்கள். பொருளைவிட மனிதர்களைத்தான் அதிகம் பிடித்தார்கள். பிடித்தவர்களின் உள்ளங்கையில் துளை போட்டு, பிரம்பைக் கோத்து, கப்பல் அடித்தட்டில் அடுக்கிக் கொண்டுபோனதாக அந்தக் காலத்து முகலாயக் குறிப்பு சொல்கிறது. அவர்களை விலைக்கு வாங்கியவர்களில் டச்சுக்காரர்களும் இருந்தார்கள். சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்தின் தலைமையிடம் பழவேற்காடு. இங்கிருந்தும் அடிமைகள் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். 1666-இல் முகலாயர்கள் சிட்டகாங்கைப் பிடித்த பிறகுதான் அந்தக் கொள்ளை அடங்க ஆரம்பித்தது. கொள்ளையனுக்குப் பெயர் வந்துவிட்டது, விலை கொடுத்து வாங்கியவனுக்கு அழகான சமாதி கிடைத்திருக்கிறது. அந்தக் கற்களுக்கு நடுவே நின்று இதை நான் சொன்னபோது பையன் வெகுநேரம் பேசவில்லை.

ஏரியில் படகில் போக ஆசை வரும். கண்டவர் கூப்பிட்டால் ஏறிவிடாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதி உள்ள படகு, ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பு, அளவான கூட்டம், மூன்றும் இல்லாவிட்டால் கரையிலேயே நின்று பூநாரைகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் அவை கூட்டமாக வரும்.

நான்காம் படி: மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும்

வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறிப் போகலாம். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு, கையோடு சதுரங்கப்பட்டினம் போய்விடுங்கள். கல்பாக்கத்தை ஒட்டிய ஊர். டச்சுக் கோட்டையின் வாசலில் பீரங்கிகள் இருக்கின்றன. உள்ளே கடலைப் பார்த்த மதில், தானியக் கிடங்கு, ஒரு சிறு கல்லறைத் தோட்டம். அங்கேயும் மண்டையோடு செதுக்கிய கல் உண்டு. பழவேற்காட்டில் பார்த்தவர்களுக்கு இப்போது அதன் அர்த்தம் தெரியும். 1782 பிப்ரவரியில் இந்தக் கடலில்தான் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள்.

சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் வரலாறு மட்டும் போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் அரை நாள் கொடுங்கள். நம்மூர்ப் பொருட்காட்சியில் "கொலம்பஸ்" என்று சொல்வோமே, அந்த ஊஞ்சல் கப்பல் அங்கே உண்டு. சாப்பிட்ட உடனே ஏற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: கடலூர் வழியாகத் தரங்கம்பாடி

இதற்கு இரண்டு நாள் வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் வழி ரயிலில் போவது சுகம். திருப்பதியிலிருந்து மன்னார்குடி போகும் பாமணி எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாக மயிலாடுதுறைக்குப் போகிறது. எல்லா நாளும் ஓடாது, பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்.

வழியில் கடலூரில் இறங்குகிறவர்கள் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாட்டைப் பார்க்கலாம். 1690-இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலேயக் கம்பெனி இதை வாங்கியபோது எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் தேர்ந்த குண்டுக்காரரும் வந்தார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்று பெயர்.

தரங்கம்பாடியின் கதை கொலையில் ஆரம்பிக்கிறது. டேனிஷ்காரர்களின் முதல் கப்பலைக் காரைக்காலுக்கு எதிரே போர்ச்சுகீசியர்கள் தாக்கி மூழ்கடித்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். இரண்டு பேர் தலையைக் கரையில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு எச்சரிக்கையாக. தப்பித்த ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூருக்குப் போய் ரகுநாத நாயக்கரைப் பார்த்தார். 1620-இல் ஒப்பந்தம் எழுதி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள்.

அடிபட்டவர்கள் பிறகு தாங்களே அடிக்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் நொடித்துப்போய், ஊரிலிருந்து கப்பலும் வராத நிலையில், 1642 முதல் வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்றே கோட்டையை ஓட்டினார்கள். வங்காளத்தோடு போர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சமாதானம் ஆனது 1698-இல். நடுவில் 1655-இல் தலைவர்கள் எல்லாரும் செத்துப்போக, எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர் மிஞ்சினார். நம்மூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வழியில் வரும் வங்காளக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, 14 வருஷம் கோட்டையைக் காத்தார். 1669-இல்தான் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. வந்தவர்கள் அவரையே கோட்டைக்குத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். வங்காள வியாபாரிக்கு அவர் அப்பட்டமான கொள்ளைக்காரர். டென்மார்க்குக்கு விசுவாசமான ஊழியர்.

கோட்டை மாடியில் கடலைப் பார்த்துப் பீரங்கிகள் வரிசையாக இருக்கின்றன. மாலை நாலு மணிக்குமேல் வெயில் தணிந்ததும் அங்கே நின்று, ஒரு மனிதர் 14 வருஷம் தன் நாட்டுப் பாய் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த கடலை நீங்களும் கொஞ்ச நேரம் பாருங்கள். கீழே அருங்காட்சியகத்தில் டேனிஷ் பீங்கானும் பத்திரங்களும் இருக்கின்றன. கரையோரம் கடல் அரித்த பகுதிகள் உண்டு, கற்கள் வழுக்கும். பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை புயல் மழை. கத்திரி வெயிலில் இந்த இடங்களில் ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று உடை, பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காமல் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். கடலில் குளிப்பதை உள்ளூர் மீனவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஆசை அடங்காதவர்கள் கேரளம் போகலாம். மங்களூர் போகும் ரயில்கள் காட்பாடி வழியாகத்தான் போகின்றன. இரவில் ஏறினால் காலையில் வடகரை. அங்கிருந்து இரிங்கல் கோட்டக்கல்லில் குஞ்ஞாலி மரைக்காயர்களின் நினைவில்லம் இருக்கிறது. வாளும் பீரங்கிக் குண்டுகளும் வைத்திருக்கிறார்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான அவர்களைப் போர்ச்சுகீசியர்கள் கொள்ளையர் என்றே எழுதி வைத்தார்கள். நாலாவது குஞ்ஞாலியை 1600-இல் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். வாசலில் நின்று என் அக்கா மகன் கேட்டான்: "இவரைக் கொள்ளைக்காரன்னு சொன்னது அவங்கதானே மாமா?" அந்தப் பயணத்துக்கு மூன்று நாள் லீவு போட வேண்டும். படுக்கை வசதி டிக்கெட்டை எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் எடுத்து வையுங்கள்.